சுமை இறக்கும் கல் இல்லாத வரைபடம்

நான் போட்ட வரைபடங்களில் ஒன்றை மட்டும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. காறித் துப்பலாம் போல வரும். யார்மேல் துப்புவது என்பதுதான் சிக்கல். அந்தப் படத்தில் தப்பு செய்தவன், அதை மறைத்தவன், மறைத்தது தெரிந்ததும் நடுங்கியவன் எல்லாம் நானே.

திருவண்ணாமலையில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் வரைவாளராக இருந்தேன். எண்பதுகளின் நடுவில். அப்போது எங்களுக்கு ஜில்லாத் தலைநகரம் வேலூர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எல்லாம் கிடையாது, வேர்க்கடலை விளைந்துகொண்டிருந்தது. காப்புக்காடுகளின் எல்லைகளை டிரேசிங் துணியில் கறுப்பு மசியால் இழுப்பது என் வேலை. நான் கோடு போட்ட காடுகளில் ஒன்றுக்குள்ளும் நான் போனதில்லை. கண்முன்னால் நிற்கும் மலைமேலேயே ஏறியதில்லை. ஆபீஸ் ஜன்னலிலிருந்து மலை நன்றாகத் தெரியும். அதற்குமேல் என்ன வேண்டும், நகர்ந்தா போய்விடப் போகிறது?

அன்றைய மலை இப்போது நீங்கள் பார்க்கிற மலை இல்லை. பாறையும் புல்லும்தான். கோடையில் எவனாவது பீடித் துண்டை வீசினால் போதும், ஒரு சரிவே கறுத்துப்போகும். அதனால் ஒரு பத்து வருஷத் திட்டம் போடுவதென்று முடிவாயிற்று. அடிவாரத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, உள்ளே மரக்கன்று, ஆடு மாடு நுழையாமல் காவல்.

இப்படிப்பட்ட திட்டங்களின் கடைசியில் 'பொதுமக்கள் கருத்து' என்று ஒரு பக்கம் உண்டு. அதை எழுதுவது நான். எழுத்து அழகாக இருக்கும் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. 'கிராம மக்கள் மட்டற்ற மகிழ்ச்சி தெரிவித்தனர்' என்று எழுதுவேன். அடுத்த ஊருக்கு 'அளவிலா மகிழ்ச்சி'. அதற்கடுத்த ஊருக்கு வெறும் 'பெருமகிழ்ச்சி'. அந்த ஊர் எனக்குப் பிடிக்காது. ஒருமுறை ஆளே குடியில்லாத ஊர் ஒன்றின் மகிழ்ச்சியையும் எழுதிவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆபீஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்போது எழுதும்போதுதான் இதன் நாற்றம் எனக்கே வருகிறது.

அந்த வருஷம் ஒரு இளம் அதிகாரி வந்து சேர்ந்தார். மேற்கே மழைக்காட்டுப் பக்கம் பயிற்சிக்குப் போய்வந்தவர். அங்கே காட்டோரத்து ஜனங்களைக் கூட்டி வைத்துக் கேட்டுத்தான் எந்தச் சரிவை மூடுவது, எதைத் திறந்துவிடுவது, இன்னும் பத்து வருஷத்தில் என்ன செய்வது என்று திட்டம் போடப் பார்க்கிறார்களாம். அதையே இங்கேயும் செய்யவேண்டும் என்றார்.

"சார், அங்க மழைக்காடு. இங்க மழையும் இல்ல, காடும் இல்ல. ஜனம் மட்டுந்தான் இருக்குது" என்றேன்.

"அப்ப மூணுல ஒண்ணு இருக்குது. அதுலேருந்து ஆரம்பிப்போம்" என்றார் அவர். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்தவர்களுக்குத்தான் நான் அதிகம் தீங்கு செய்வேன் என்பது பிறகு தெரிந்தது.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சின்னக் குடியிருப்பு. நாற்பது வீடு இருக்கலாம். தை மாதம் ஒரு நாள் காலையில் அங்கே போனோம். இளம் அதிகாரி, காவலர் ஒருவர், வரைபடப் பலகையோடு நான். அந்த ஊர்ப் பெண்களுக்கு மலையில் புல் அறுப்பதுதான் பிழைப்பு. இடுப்புயரம் வளர்ந்து காய்ந்த புல்லைக் கட்டாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். கூரைக்குப் போகும், மாட்டுக்குப் போகும். அவர்களில் ஒருத்தி முன்னால் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்து மட்டும் பயில்வான் கழுத்து. இனி அவளைப் புல்லுக்காரம்மா என்றே சொல்கிறேன்.

"உங்க மலையை நீங்களே தரையில வரைஞ்சு காட்டுங்க. வேலி எங்க வரணும்னு அத வெச்சுப் பேசலாம்" என்றார் அதிகாரி.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி ஓடிப்போய் முறத்தில் அரிசிமாவு கொண்டுவந்தாள்.

"கோலப்பொடி இல்லியா?" என்றேன்.

"வாசலுக்குப் போட கல்லுமாவு. மலையைப் போடறதுக்கு அரிசிமாவுதான் சார்" என்றாள் புல்லுக்காரம்மா.

மாரியம்மன் கோவில் முன்னால் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். வழக்கப்படி முதலில் புள்ளி வைத்தார்கள். பிறகு கோடு இழுத்தார்கள். சுனை, ஓடை, பெரிய பாறை, புல் நன்றாக வரும் சரிவு, கல்லறுக்கிறவர்கள் பாழாக்கிய இடம் என்று ஒவ்வொன்றாக வந்தது. "இந்த வருசம் இந்தப் பக்கம் அறுத்தா, வர்ற வருசம் அந்தப் பக்கம். மூணாவது வருசம் ரெண்டுத்தையும் உட்டுடணும். நடுவுல இம்மாம் அகலம் புல்லைச் சுத்தமா வழிச்சுட்டா நெருப்பு தாண்டாது" என்று அவள் சொல்ல, மற்றவர்கள் திருத்தினார்கள். நாங்கள் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த திட்டம் அரைமணி நேரத்தில் மண்ணில் வந்துவிட்டது. அதிகாரி குந்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் ஆடு மேய்க்கிற ஆண்கள் அவரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ஒரு தபா மேல வந்து பாத்துட்டு வரைஞ்சுக்குங்க சார்" என்று புல்லுக்காரம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"மேல சிறுத்தை கிறுத்தை இருக்குதா?"

"இருக்குது சார். ஆனா அது கவர்மெண்டு ஆளுங்களத் துன்றதில்ல. ருசி இல்லியாம்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஏறவில்லை. சிறுத்தை இல்லை என்று எனக்குத் தெரியும். என் கால்களுக்குத் தெரியவில்லை.

அதற்குள் டவுன் ஓட்டலிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்துவிட்டன. எங்களுக்கு மட்டும். ஜனங்களுக்கு ஆளுக்கு நாலு பிஸ்கட். அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, நானும் காவலரும் வேப்பமரத்தடியில் இலையைப் பிரித்து உருளைக்கிழங்கு வறுவலைத் தேடினோம். தின்றுவிட்டு இலைகளைச் சுருட்டி அப்படியே பின்னால் எறிந்தோம். கை கழுவித் திரும்பினால் அந்தச் சோற்றுக்கு ஊர்க்கோழி அத்தனையும் வந்திருந்தது. சோறு தீர்ந்ததும் அவை அரிசிமாவைப் பார்த்தன. எறும்பு ஏற்கெனவே வரிசை கட்டியிருந்தது.

வயிறு முட்ட, உட்கார்ந்தால் தூக்கம் வர, அவசரம் அவசரமாக நான் படத்தை நகல் எடுத்தேன். ஒரு கையால் கோழி விரட்டினேன், ஒரு கையால் வரைந்தேன். சுனையைப் போட்டேன், ஓடையைப் போட்டேன், எல்லாக் கோடுகளையும் போட்டேன். புள்ளிகளை விட்டுவிட்டேன்.

ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். மார்கழி மாதம் பத்திரிகையில் வரும் கோலங்களை என் மனைவிக்காக நான்தான் பெரிதாக வரைந்து கொடுப்பேன். புள்ளி என்பது கட்டடத்துக்குச் சாரம் மாதிரி. கோடு முடிந்துவிட்டால் அதற்கு வேலை இல்லை. சாரத்தோடு சேர்த்து வீட்டை யாராவது படம் போடுவார்களா? சுத்தமான வரைவாளர் நான். பென்சில் அழுக்குகூட என் படத்தில் இருக்காது. புல்லுக்காரம்மா பக்கத்தில் நின்று விரலால் தொட்டுத் தொட்டு ஏதோ சொன்னாள். நான் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினேன். உள்ளே வறுவல் புரண்டுகொண்டிருந்தது.

ஒரு மாதத்தில் படம் மசியில் ஏறியது. கோடுகளைத் தொடாமல் வேலி எங்கே போகலாம் என்று அதிகாரி தேடினார். காலியாக இருந்த இடத்தின் வழியாகவே இழுத்தோம். எவ்வளவு காலி! சுனைக்கும் ஊருக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை. வேலூருக்கு ஒரு நகல் போயிற்று. கல்தூணும் கம்பியும் லாரியில் வந்து இறங்கின.

பங்குனியில் படத்தை ஊருக்கு எடுத்துப்போய்க் கோவில் சுவரில் மாட்டினோம். புல்லுக்காரம்மா கிட்டே வந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க கல்லுங்க எங்க சார்?"

"எந்தக் கல்லும்மா?"

"புள்ளி வெச்சமே. எறக்கி வெக்கற கல்லு. அன்னிக்கே உன்னாண்ட ஒண்ணொண்ணா தொட்டுச் சொன்னனே சார். நீகூட சரி சரின்னு மண்டைய ஆட்டுனியே."

கோபத்தில் மரியாதை போய்விட்டது. அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரியும் பார்த்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"கோழி தின்னுட்டுதும்மா."

சிரிப்பு எழுந்தது. ஆண்கள் ஒரு பெரியவரைப் பார்த்து, "உன் கோழிதான்யா, பத்து வருசத் திட்டத்தையே முழுங்கிட்டுது" என்றார்கள். ஒரு வாயில்லா ஜீவன்மேல் பழியைப் போட்டுவிட்டு நானும் சேர்ந்து சிரித்தேன். புல்லுக்காரம்மா சிரிக்கவில்லை.

"கோழி துன்னது துன்னுட்டுப் போவுது. இப்பவாச்சும் மேல வா. காட்டறன்" என்றாள்.

அதிகாரியும் போகச் சொன்னார். இனித் தப்பிக்க வழியில்லை. ஏறினேன். என் ஏற்றத்தை விவரித்தால் உங்களுக்கும் அருவருப்பாக இருக்கும். வேர்வை கண்ணில் இறங்கியது. சட்டை முதுகில் ஒட்டியது. மூச்சு விசில் அடித்தது. ஒரு ஓணான் அசைந்ததற்கு நான் போட்ட சத்தத்தில் கீழே ஊரிலிருந்து நாய் குரைத்தது. மேலே போனதும் அவள் ஒரு சின்னப் புல்கட்டைக் கட்டி, கேட்காமலே என் தலையில் வைத்தாள்.

"குழந்தைங்க தூக்கற கட்டுதான் சார். எறங்குங்க."

ஐம்பது அடிகூட வரவில்லை, கழுத்து உள்ளே போய்விட்டது. புல்நுனி காதில் குத்தியது. ஏதோ ஒரு பூச்சி பிடரியில் நடந்தது. "கீழ போட்டுடறேன்மா" என்று கெஞ்சினேன்.

"போடுங்க. அப்புறம் யாரு தூக்கி உடறது? ஒண்டியா வர்ற பொம்பள கீழ போட்டா போட்டதுதான். அதோ பாருங்க, அங்க வரைக்கும் வாங்க."

தலை உயரத்துக்கு ஒரு பாறை. அதன் முதுகு வழவழவென்று தேய்ந்திருந்தது. அதன்மேல் கட்டை அப்படியே சாய்த்துவிட்டு நிமிரலாம். மூச்சு வாங்கிவிட்டு யார் உதவியும் இல்லாமல் மறுபடி தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து எண்பது, நூறு அடியில் இன்னொன்று. இப்படி மேலிருந்து கீழ்வரை. அந்தக் கற்கள் இருக்கிற வழிதான் வழி. வேறு எந்தப் பக்கம் இறங்கினாலும் சுமையை வைக்க இடமில்லை. அவர்கள் முதலில் வைத்த புள்ளி கோலத்தின் சாரம் இல்லை. அவர்களுடைய பிழைப்பின் சாரம். நான் காலி இடம் என்று நினைத்து வேலிக்கோட்டை இழுத்த வெள்ளைப் பட்டையில்தான் கற்கள் அத்தனையும் நின்றன. கடைசிக் கல்லுக்கும் அதற்கு முந்தைய கல்லுக்கும் நடுவில் என் கோடு போயிற்று.

மறுநாள் அதிகாரியிடம் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். புள்ளிகளை விட்டது கோழி அல்ல, நான். எழுதுவதற்கு நாலு தாள் கிழித்தேன். முதல் தாளில் கோழிக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்திருந்தேன். அவர் படித்துவிட்டுத் திட்டவில்லை. "நல்லவேளை எழுதினீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலூருக்கு பஸ் ஏறினார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வேலூர்ப் பெரிய அதிகாரி தானே வந்தார். மறுபடி அதே கோவில் முன்னால் கூட்டம். வேலியை நகர்த்த முடியாது, தூண் நட ஆரம்பித்தாயிற்று என்றார். வேண்டுமானால் அந்த வழியில் ஒரு கதவு வைக்கலாம். கதவு என்றால் பூட்டு. பூட்டு என்றால் சாவி.

"சாவி எங்ககிட்ட இருக்கட்டும் சார்" என்றாள் புல்லுக்காரம்மா. "மாட்ட உள்ள உடமாட்டோம். நெருப்பு வந்தா நாங்கதான மொதல்ல ஓடணும். எந்தப் பக்கம் எந்த வருசம் அறுக்கறதுன்னு எங்களுக்குள்ள பேசி வெச்சிருக்கோம். பத்து வருசம் இல்ல, இருபது வருசத்துக்குக் கேளுங்க, சொல்றன்."

எல்லாப் பெண்களும் அவள் பின்னால் நெருங்கி நின்றார்கள். இளம் அதிகாரி மேலதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அதிகாரி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை நான் பார்த்தேன். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"மேப் போட்டது நீர்தானே? போய்ப் பார்த்தவர் நீர் ஒருத்தர்தான். என்ன சொல்றீர், இவங்ககிட்ட சாவி கொடுக்கலாமா?"

கொடுக்கலாம் சார். இரண்டே வார்த்தை. ஆனால் அவர் அப்படித் திரும்பியதும், குறிப்பு எழுதினேனே, அதற்கு இப்போது தண்டனை வரப்போகிறது என்று தோன்றிவிட்டது. எனக்குப் பயம் வந்தால் ஜோக் வரும். விக்கல் மாதிரி, நிறுத்த முடியாது.

"சார், எங்க வீட்ல பீரோ சாவி பொம்பள கையிலதான் இருக்குது. கல்யாணம் ஆன நாள்லேருந்து உள்ள இன்னா இருக்குதுன்னே எனக்குத் தெரியாது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆண்கள் தொடையில் தட்டினார்கள். பெரிய அதிகாரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அப்போ காட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாமப் போயிடும்!" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்போடு எழுந்தார். "சாவி காவலர்கிட்ட இருக்கட்டும். கேட்டா திறந்து விடுவார்." ஜீப் கிளம்பிவிட்டது.

என் வாழ்க்கையிலேயே அதிகம் எடுபட்ட ஜோக் அதுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் ஊசிப்போன சாம்பாரை முகர்ந்த மாதிரி இருக்கிறது.

பெண்கள் கலைந்துபோனார்கள். புல்லுக்காரம்மா என்னைத் தாண்டும்போது நின்றாள்.

"நல்லா பேசறீங்க சார்" என்றாள். அவ்வளவுதான்.

ஆடிக்குள் வேலி முடிந்தது. அடுத்த தை, அறுப்புக் காலம். கன்று நட்ட குழிகளைப் படத்தில் குறிக்க நான் வேலியோரமாக வந்துகொண்டிருந்தேன். நடுப்பகல். கதவுக்கு உள்பக்கம் தலையில் கட்டோடு புல்லுக்காரம்மா தனியாக நின்றாள். கதவு பூட்டியிருந்தது. கடைசிக் கல் எனக்குப் பக்கத்தில், வேலிக்கு வெளியே, பத்தடியில் சும்மா இருந்தது.

"காவலரு எங்கம்மா?"

"காலைல தொறந்து உட்டுட்டு கீழ்பென்னாத்தூருக்குக் காதுகுத்துக்குப் போயிட்டாரு. போறப்ப பூட்டிட்டாரு. நேத்து ஒரு கட்டு புல்லு குடுடின்னாரு. வீட்டுல ரெண்டு மாடாம். நான் குடுக்கல."

கட்டின் கனத்தில் அவள் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. கீழே போட்டுவிட்டால் தூக்கிவிட ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் கதவு திறக்காது.

"இருங்கம்மா, நான் உள்ள வரேன்" என்று சொல்லி வேலியில் கால் வைத்தேன். வீரம் என்று நினைக்கவேண்டாம். அந்தக் கழுத்தை அதற்குமேல் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது கம்பிவரை ஏறினேன். மூன்றாவதில் பேண்ட் மாட்டியது. இந்தப் பக்கம் இழுத்தால் சதை, அந்தப் பக்கம் இழுத்தால் துணி. நடுவில் தொங்கிக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று கத்தினேன். டர்ரென்று பின்பக்கம் கிழிந்தது. கைப் பிடி விட்டுவிடுமோ என்ற பயத்தில் அண்ணாமலையாரையும் என் மனைவியையும் மாறிமாறிக் கூப்பிட்டேன்.

புல்லுக்காரம்மா கட்டைத் தொப்பென்று கீழே போட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கவர்மெண்டு வேலியில கவர்மெண்டே மாட்டிக்கினு தொங்குது!"

அப்புறம் அவளே கிட்டே வந்து முள்ளிலிருந்து துணியை விடுவித்து என்னை என் பக்கமே தள்ளிவிட்டாள். அவள் கை முழுக்கப் புல் கீறிய கோடுகள். கட்டை அவிழ்த்துப் பிடிப் பிடியாக வேலிக்கு மேலே வீசினாள். பாதி கம்பியில் சிக்கித் தொங்கியது, பாதி என்மேல் விழுந்தது. அவள் வேலியோரமாகவே நடந்து, கல்லறுக்கிற பக்கம் இருந்த ஒரு பள்ளத்தில் ஊர்ந்து வெளியே வந்தபோது சேலை எல்லாம் சேறு. நான் சட்டையைப் பின்னால் இழுத்துவிட்டபடி வீட்டுக்கு நடந்தேன். நான் போட்ட கோடு என் மானத்தை மட்டும் கிழித்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

அடுத்த நாள் காவலர் ஆபீஸுக்கு வந்தார். சாவிக்கொத்தை என் மேசைமேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எனக்கு வழக்கம்போல ஒரு ஜோக்தான் வந்திருக்கும். அந்த வேலிக்கதவின் சாவியை மட்டும் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

தேரடித் தெருப் பக்கம் பூட்டு ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருந்தார். அவர் அப்பா, தாத்தா எல்லாம் இதே ஊரில் இதே வேலை. சாவியைக் கொடுத்து, இதேபோல இன்னொன்று, சீக்கிரம் என்றேன். அவசரத்தில் நான் போட்ட சாவி அவர் கையில் விழாமல் மடியில் விழுந்தது.

"எந்தப் பூட்டு சாரே?"

"மாட்டுக்கொட்டாய்."

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாட்டுக்கொட்டாய் சாவியில முத்திரை குத்தியிருக்குது?"

என் முகத்தில் என்ன தெரிந்ததோ. எனக்கு ஜெயில் தெரிந்தது, அதில் களி தெரிந்தது, என்னைப் பார்க்க வந்து கம்பிக்கு வெளியே நின்று திட்டும் என் மனைவி தெரிந்தாள்.

"எனக்குக் கண்ணு கம்மி சாரே. முத்திரை கித்திரை எல்லாம் தெரியாது" என்று அவரே சொல்லிவிட்டு அரத்தை எடுத்தார். "பயம்தான் உங்களுக்கு ரொம்ப ஜாஸ்தி. தண்ணி குடிங்க."

நான் திரும்பி வந்தபோது காவலர் மேசைக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். நானும் குனிந்தேன். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டோம். "இதோ இருக்குது பாருங்க, குப்பைக்கூடை பக்கம்!" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே குடியிருப்புக்குப் போய்ப் புது சாவியைப் புல்லுக்காரம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒரு நன்றிக்காகக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கூட நின்றேன்.

"கூட்டத்துல நாலு பேரு முன்னால கேட்டப்ப வாங்கித் தராதத, திருட்டுத்தனமா தர்றீங்களே சார்" என்றாள்.

எனக்கு அதிசயமாக ஜோக் வரவில்லை.

"பூட்ட மாத்துனா?"

"மாத்துனா சொல்லி அனுப்பறேம்மா."

அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். மூன்று அறுப்புக் காலம் அது அந்தப் பெண்களிடம் கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு மாடு உள்ளே போனதில்லை. கதவு ஒருநாள்கூடத் திறந்து கிடந்ததில்லை. அவள் மண்ணில் வரைந்து காட்டியபடியே ஒரு சரிவை அறுத்து ஒரு சரிவை விட்டார்கள், நடுவில் புல்லை வழித்துவிட்டார்கள், அந்தப் பக்கம் நெருப்பு தாண்டவில்லை. கன்றுகள் தலை உயரம் வந்தன. காவலரின் விழிப்பான பணியைப் பாராட்டி ஒரு கடிதம் வந்தது. அவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். இளம் அதிகாரியை எங்கோ மாற்றிவிட்டார்கள். என்னையும் பதவி உயர்வு கொடுத்து வேலூருக்கு அனுப்பினார்கள்.

வேலூரில் என் மேசைக்கு ஒருநாள் ஒரு காகிதம் வந்தது. மலைவேலிக் கதவின் பூட்டு துருப்பிடித்துவிட்டது, புதுப்பூட்டு மாட்டப்படுகிறது. தை பிறக்க இன்னும் இருபது நாள் இருந்தது. ஒரு தபால் கார்டு எழுதியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறியிருக்கலாம். கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை அடுத்த மேசைக்குத் தள்ளினேன். பழைய பூட்டின் சாவி அவர்கள் கைக்கு எப்படிப் போயிற்று என்று யாராவது கேட்டுவிட்டால்? பதவி உயர்வு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அந்தத் தையில் அவள் பழைய சாவியை அந்தப் பூட்டில் நுழைத்துத் திருப்பிப் பார்த்திருப்பாள். தலையில் கட்டு இருந்ததா, இல்லை ஏறுவதற்கு முன்னாலா என்று எனக்குத் தெரியாது. விசாரித்தால் தெரிந்துகொள்ளலாம். நான் விசாரிக்கவில்லை.